சிஸ்டருக்கு, அந்தப் பச்சைப் பெட்டியைப் பற்றி

அன்புள்ள சிஸ்டர்,

போன மாதம் கொழும்பு மடத்தில் உங்களைப் பார்க்க வந்தபோது, "நான் என்ன செய்தனான் மகள், கதவைத் திறந்து வச்சன், அவ்வளவுதான்" என்றீர்கள். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு சிஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் நான் மறுத்துப் பேசவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. உங்களைத் தெரிந்த மற்றவர்களும் படிக்கட்டும் என்று எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இதை எழுதுகிறேன்.

மலையகத்தில் ஹட்டன் பக்கம் உங்கள் சபை திறந்த நிலையத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தையல் மெஷின்களையும் பாலர் வகுப்பையும் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பச்சைத் தகரப் பெட்டி.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், அதில் ஒரு பிரிவான டிவிசனின் பெயர், அதோடு சரி. ஒரே டிவிசனில் நாலு செல்வராணி இருப்பார்கள். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறது என்ற அறிவித்தல், ஏலம் முடிந்த பிறகு வீட்டுக்கு வரும். என் அண்ணனுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் பதினொரு நாள் பிந்தி, உறை நனைந்து ஊறிப்போய்க் கிடைத்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமையே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான்.

அம்மா கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு இதை உங்களிடம் சொல்லி அழுதார். "இனி நிலையத்தின்ர விலாசத்தைப் போடுங்கோ" என்றீர்கள். முதலில் எங்கள் லயத்தில் நாலு வீடு. வருசம் முடியுமுன் மூன்று டிவிசன் கடிதங்கள் அந்தப் பெட்டிக்குள் விழுந்தன. பின்னேர வகுப்பு முடிந்து போகும் பிள்ளைகள் மழைக்கு நனையாமல் சட்டைக்குள் வைத்து, மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் கொண்டு போனோம். என் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கடிதங்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை, சிஸ்டர்.

விலாசம் எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்பதை என் அம்மாயியின், அம்மாவைப் பெற்றவரின், கதையில்தான் சொல்ல முடியும். 1948ஆம் ஆண்டு இலங்கைப் பிரசாவுரிமை (குடியுரிமை)ச் சட்டம் இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தலைகளை எண்ணிப் பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியப் பக்கம், 300,000 பேர் இலங்கைப் பக்கம், மிச்சப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அம்மாயிக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றதும் அவர் இங்கேயே தங்கிவிட்டார். இருபது வருசம் அந்தப் பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, அப்படிப்பட்டவர்கள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்து வைத்தால் பிரசாவுரிமை உண்டு என்றார்கள்.

அந்தப் படிவத்தை வரிவரியாக இரண்டு தரம் வாசித்துச் சொன்னீர்கள். "இதுல கை வச்சா மறுபடி கப்பல்ல ஏத்திருவாங்களா?" என்று அம்மாயி கேட்டார். "இல்லை அம்மா, இது இங்க இருக்கிறதுக்கு" என்றீர்கள். கைநாட்டு வைத்த பிறகு, மை போக அவர் பெருவிரலில் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டீர்கள். விலாசம் எழுதும் இடத்தில் நிலையத்தின் விலாசம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூடிய கூட்டம் வேறு, பெயர்ச் சிக்கலோடு வந்தவர்கள். தோட்டச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் செல்லம்மா, பிறப்புச் சான்றிதழில் செல்வமணி, அடையாள அட்டையில் சிங்கள எழுத்தில் இன்னொன்று. சேமலாப நிதி எடுக்கப் போனால் ஒரே பெண் மூன்று பேராகிவிடுவாள். சத்தியக் கடதாசி எழுதி, சமாதான நீதவானைத் தேடிப் போய், மாசக் கணக்கில் அலைந்தீர்கள். எங்களில் ஒருவரைக்கூட உங்கள் மாதா கோயிலுக்கு வா என்று நீங்கள் கூப்பிட்டதில்லை. மாரியம்மன் தேர் வாசலில் நின்றால் தேசிக்காய்த் தண்ணி கரைத்து வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஒரேயொரு மனத்தாங்கல் உண்டு. சாவியைக் கடைசிவரை நீங்களே வைத்திருந்தீர்கள். உங்களுக்கு இடமாற்றம் வந்ததும் இரண்டு மாதம் கதவு பூட்டியே கிடந்தது. அந்த இரண்டு மாதத்தில் எத்தனை கடிதம் தவறியது என்று யாருக்கும் கணக்கில்லை. எங்கள் பெண்களுக்குப் பொறுப்பெடுக்கத் தெரியும், சிஸ்டர். கொஞ்சம் முந்தியே நம்பியிருக்கலாம். இப்போது புதிய சிஸ்டரிடம் ஒரு சாவி, தையல் பழகிய அக்காமார் இரண்டு பேரிடம் ஒவ்வொன்று.

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் வங்கியும் நீதிமன்றமும் இன்னும் தபாலில்தான் எழுதுகின்றன. போன வாரம் போய்ப் பார்த்தேன். பெட்டியின் பச்சை உரிந்து துரு தெரிகிறது. உள்ளே மூன்று கடிதம். இரண்டு பணிய லயத்துக்கு. மூன்றாவது உங்கள் பெயருக்கு, மன்னாரிலிருந்து. இடம் மாறிப் போனது அவர்களுக்குத் தெரியாது போல. நான் உடைக்கவில்லை. தைப்பொங்கல் முடிந்து கொழும்புக்கு வரும்போது கையோடு கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
நாலாம் நம்பர் லயத்துப் பிள்ளை