தங்கமீனைக் குளத்தில் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிள்ளைகளுக்கு அலுத்துப்போன தங்கமீனைக் கொல்ல மனமில்லாமல் பக்கத்துக் குளத்திலோ ஓடையிலோ விட்டுவிடுகிறோம். அதைப் புண்ணியம் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். கனடாவின் ஹமில்ரன் நகரில் இருக்கும் கூட்ஸ் பரடைஸ் சதுப்பு நிலத்தின் கதையை அவர்கள் அறிய வேண்டும்.

ஒன்ராறியோ ஏரியின் மேற்கு முனையிலுள்ள இந்த நன்னீர்ச் சதுப்பு, தன் தாவரப் பரப்பில் 85 வீதத்துக்கு மேல் இழந்திருந்தது. கழிவுநீரும் ஏரியின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தியதும் காரணங்கள்தான். ஆனால் பெருங்கேடு செய்தது வெளியிலிருந்து வந்த கெண்டை மீன். இரை தேடி அடிச்சேற்றைக் கிளறும்போது அது செடிகளை வேரோடு பிடுங்கிவிடும். தண்ணீர் கலங்கியே கிடந்தால் வெயில் அடிவரை இறங்காது. புது முளையும் வராது. வேர் பிடித்து வைக்காத சேறு காற்றடித்தாலே மறுபடி கலங்கும். நீருக்கடியில் செடி இல்லையென்றால் மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லை, வாத்துகளுக்குத் தின்னக் கிழங்கில்லை.

அதனால்தான் 1990களின் பிற்பகுதியில் இந்தச் சதுப்பைப் பராமரிக்கும் றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ் என்ற தாவரவியல் பூங்கா நிறுவனம், சதுப்பைத் துறைமுகத்தோடு இணைக்கும் வாய்க்கால் முகப்பில் கம்பித் தடுப்பு அமைத்தது. பெரிய கெண்டைகளை வெளியே நிறுத்தி, உள்ளூர் மீன்களை மட்டும் பிரித்து உள்ளே விடுகிறார்கள். நீர் தெளியத் தெளிய, நீருக்கடித் தாவரங்கள் சில இடங்களில் திரும்பத் தலைகாட்டின. எத்தனை பேருடைய பொறுமை அது! இடையில் 2014 முதல் 2018 வரை 2,400 கோடி லீற்றர் கழிவுநீரும் மழைநீரும் ஷெடோக் ஓடை வழியாக இதற்குள் வந்து சேர்ந்தது வேறு கொடுமை.

இப்போது தங்கமீன். அதுவும் கெண்டை இனந்தான், அடிச்சேற்றைக் கிளறுகிற அதே பழக்கந்தான். பெரிய கெண்டையை மறிக்கும் கம்பிகளுக்கு நடுவே இது எளிதாக நுழைந்துவிடும். ஒட்சிசன் குறைந்த நீரிலும், பனிக்கட்டிக்கு அடியிலும் உயிர் தாங்கும். கண்ணாடித் தொட்டியில் விரலளவு இருந்தது, வெளியே ஓரடி வரை வளரும். நகரத்து மழைநீர்க் குளங்களில் பெருகி, ஓடை வழியே துறைமுகத்துக்கும் சதுப்புக்கும் போகிறது. உரிமம் இல்லாமல் மீனை நீர்நிலையில் விடுவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

வேண்டாத மீனை வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். அப்புறம், ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள்: கோடை விடுமுறை தொடங்கும் முன் உங்கள் சிறுவர் பக்கத்தில் இதை எழுதுங்கள். வீட்டில் பெரியவர்களைத் தடுக்கப் பிள்ளைகளால்தான் முடியும்.

இப்படிக்கு,
ஹமில்ரன் வாசகர் ஒருவர்