மரத்துண்டு காயட்டும், அப்புறம் பெயர் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட, பெயர் பொறித்த மரத்துண்டு செய்து பரிசாகக் கொடுப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். கையால் செய்து கொடுக்கச் சொன்னதற்கே முதலில் நன்றி. ஆனால் கிளையை வட்டமாக அறுத்து, பெயர் எழுதி, கயிறு கட்டினால் அரை மணி நேரத்தில் பரிசு தயார் என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி யாராவது இந்த வாரம் பச்சைக் கிளையில் ரம்பத்தை வைத்துவிடப் போகிறார்களே என்றுதான் உடனே எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் செய்தேன். தங்கைக்கு மகள் பிறந்த வருடம், முறிந்து விழுந்த கிளையிலிருந்து அழகான ஒரு துண்டு அறுத்து அன்றைக்கே குழந்தையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பத்தே நாளில் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் பிளந்து, பெயரின் இரண்டாம் எழுத்து இரண்டாகிப் போனது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை, ஒவ்வொரு வருடமும் அதைத்தான் தொங்கவிடுகிறாள், ஆனால் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

காரணம் எளிது. பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே குறுக்குவாக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளர்ச்சி வளையங்களின் போக்கிலேயே சுற்றுவாக்கில் சுருங்கும். சுற்றளவு அதிகம் குறைந்து, குறுக்கே அவ்வளவு குறையாவிட்டால் வட்டம் எங்கேயாவது விட்டுக்கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் விரிசல் எப்போதும் நடுவை நோக்கியே ஓடுகிறது. வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ வைத்து அவசரப்படுத்தினால் இன்னும் மோசம், மேல்பகுதி முந்திக் காய்ந்து உடனே பிளக்கும்.

ஒரு சென்டிமீட்டர் கனத்தில் அறுங்கள். ஐந்து வேண்டுமென்றால் எட்டு அறுங்கள், இரண்டு மூன்று எப்படியும் பிளக்கும். நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி வைத்து, தினமும் திருப்பிவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்து, பிறகு மூன்று நான்கு நாள் ஒரே எண்ணில் நின்றால் அப்போதுதான் காய்ந்தது. எனக்கு மூன்று, நான்கு வாரம் ஆகிறது.

பட்டை இருந்தால்தான் இந்த அலங்காரத்துக்கே அழகு. மரம் துளிர்க்கும் காலத்தில் வெட்டிய கிளையில் பட்டைக்கு உள்ளே ஈரமான புது அடுக்கு வளர்ந்துகொண்டிருக்கும், அதனால் பட்டை கழன்று வந்துவிடும். இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும் காலத்தில் வெட்டிய கிளையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

இனி எழுதுவது. அறுத்த முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழாய்கள்தான், மை பட்டதும் உறிஞ்சி நாலாபக்கமும் பரப்பும். முதலில் 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, பேனாவால் எழுதுவதாக இருந்தால் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு எழுதுங்கள். எனக்குப் பிடித்தது, நுனி சூடேறும் மின்பேனாவால் மரத்தைச் சுட்டு எழுதுவது. (அதற்கு வார்னிஷ் பூசாத மரம்தான் வேண்டும், பூச்சின் மேல் சூடு வைத்தால் வரும் புகை நல்லதல்ல.) தமிழில் சுடும்போது ஒரு விஷயம் கவனியுங்கள்: சுழிகள். எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ண, ணை போன்றவற்றின் சுழிகள் கருகி ஒட்டிப்போய் அடையாளமே தெரியாது. புள்ளிக்குப் பேனாவைத் தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும், ஒரு நொடி தயங்கினால் புள்ளி குழியாகிவிடும்.

அச்செழுத்து மாதிரி எழுத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போன வருடம் அம்மாவுக்குச் செய்தபோது, அப்பா முன்பு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து அம்மாவின் பெயரை நகலெடுத்து, கார்பன் தாள் வைத்து மரத்தில் இறக்கி, அந்தக் கோட்டின் மேலேயே சுட்டேன். அப்பா எழுதும் ‘ழ’வின் வால் அடுத்த எழுத்துக்கு அடியில் போய் நிற்கும், அதையும் அப்படியே விட்டேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் அந்த வாலைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வருடத்தைப் பின்பக்கம் சின்னதாகப் போட்டால் போதும், முன்பக்கம் கையெழுத்துக்கே இருக்கட்டும்.

கயிற்றுக்கான துளையைப் பட்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி, அடியில் ஒரு பழைய பலகை வைத்து ட்ரில் போடுங்கள், பின்பக்கம் சிதறாது. மெருகுக்குத் தேன்மெழுகு போதும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துப் போட்டு முழுக்கக் காயவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களும் பட்டையை யோசிக்க வேண்டும், அதற்குள் பூச்சி ஒளிந்திருக்கும் என்பதால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பட்டையுள்ள மரப்பொருளை உள்ளே விடுவதில்லை. சாமான் அனுப்பும் மரப்பெட்டிக்கே, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது போல ஏதாவது ஒரு முறையில் பூச்சியை ஒழிக்க வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. அப்படி அனுப்புவதானால் பட்டையை உரித்துவிட்டு, அந்த நாட்டு விதியையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்த வருடம் இதே குறிப்பை டிசம்பரில் போடாமல் நவம்பர் முதல் வாரத்திலேயே போடுங்கள். இந்த வருடம் செய்ய நினைப்பவர்கள் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் கிளையைத் தேடட்டும் என்று ஒரு வரியாவது வரும் ஞாயிறு சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்