புயலின் அகலத்தையும் சொல்லுங்கள்: எச்சரிக்கை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

புயல் எச்சரிக்கை மையத்தாருக்கு,

வணக்கம். நீங்கள் வெளியிடும் தரவைக் கொண்டு, புயலின்போது கடல் எவ்வளவு ஏறும் என்று கணினி மாதிரிகளில் கணக்கிடுகிறவர்கள் நாங்கள். பாதை, உச்சக் காற்றுவேகம், மைய அழுத்தம் மூன்றும் வருகின்றன. மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டரில் காற்று உச்சம் தொடுகிறது என்பது, அதாவது உச்சக் காற்றின் ஆரம், பல நேரம் வருவதில்லை. அதையும், பலத்த காற்று எட்டும் தூரத்தை நான்கு திசைக் கால்வட்டங்களுக்கும் தனித்தனியாகவும் தரவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

மைய அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்கினால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். 80 இறங்கினாலும் ஒரு மீட்டர் தேறாது. மீதி நீரைக் கரைக்குத் தள்ளுவது காற்று. அது எவ்வளவு பரப்பில் வீசுகிறது, கடல் எவ்வளவு ஆழம் குறைந்தது என்பவைதான் முடிவு செய்கின்றன. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயல், காற்றுவேகத்தை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்தும் அளவுகோலில், மூன்றாம் வகைக்கு வலுக்குறைந்தே கரையேறியது. ஆனாலும் மிசிசிப்பிக் கரையில் நீர் 8 மீட்டரைத் தாண்டியது. புயல் அகலமானது, கரையோரக் கடல் ஆழமற்றது. வகை எண் இதைச் சொல்லாது.

ஆரம் கிடைக்காதபோது சூத்திரத்தால் ஊகிக்கிறோம். உண்மையில் 40 கிலோமீட்டர் இருக்க, 20 என்று வைத்தால், உச்ச ஏற்றம் விழும் இடமே கரையில் தள்ளிப்போகும். மறுபகுப்பாய்வுத் தரவும் (அளவீடுகளை வானிலை மாதிரியோடு இணைத்து மீட்டெடுத்த பதிவு) கைகொடுப்பதில்லை: அப்படியொரு தொகுப்பான ஈஆர்ஏ5இன் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 31 கிலோமீட்டர், கண்ணைச் சுற்றிய கடுங்காற்று அதில் மழுங்கிவிடுகிறது. ஆகவே உட்பகுதிக்கு ஹாலந்து சுழல் சமன்பாட்டையும் (மையத்திலிருந்து தூரத்துக்கேற்பக் காற்றுவேகத்தைக் கணக்கிடும் சூத்திரம்) வெளிப்பகுதிக்கு மறுபகுப்பாய்வையும் இணைக்கிறோம். அந்தச் சமன்பாடு கேட்கும் முதல் எண்களில் ஒன்று, இந்த ஆரம்.

வேகம் எத்தனை நிமிடச் சராசரி என்பதையும் தவறாமல் குறியுங்கள். திறந்த கடலில் 10 நிமிடச் சராசரி, 1 நிமிடச் சராசரியில் சுமார் 0.93 பங்கு. சிறிய வித்தியாசம்போலத் தோன்றும். ஆனால் காற்றின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், ஒன்றை மற்றொன்றாக எடுத்தால் விசை 15 சதவீதம் பிசகும்.

புயலின் நிலையை ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை தருவதும் கரை நெருங்கும்போது போதாது. அப்போதாவது மணிக்கொரு நிலை வேண்டும். இரண்டு நேரங்களின் காற்று வரைபடங்களுக்கு நடுவே இடைச்செருகினால் (இடைப்பட்ட நேரத்து மதிப்பைக் கணக்கிட்டால்) வலுவற்ற இரண்டு கண்கள் முளைக்கும். அதனால் மையம், அழுத்தம், ஆரம் ஆகியவற்றை இடைச்செருகிய பிறகே காற்றுப்புலத்தைக் கட்டுகிறோம்.

கடைசியாக ஒன்று: அளக்க முடியாத ஆரத்துக்கு 0 இடாமல் வெற்றாக விடுங்கள். 0 என்றால் மாதிரி அதை உண்மையான அளவாகவே எடுத்துக்கொள்கிறது.

இப்படிக்கு,
புயல் கடலேற்ற மாதிரியாளர்கள்