சிறு குழந்தைகள் விளையாடும் வன்முறை வீடியோ கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
இரு குழந்தைகளின் தாய்,
மர்ஃபி டவுன், அல்சூர்,
பெங்களூரு.

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் அவர்கள்,
கர்நாடக மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம்,
பெங்களூரு.

பொருள்: சிறு குழந்தைகள் கையில் வன்முறை வீடியோ கேம்கள் தடையின்றிச் சேர்வது – திரைப்படங்களுக்கு இருப்பது போன்ற வயதுக் குறியீட்டைப் பெற்றோருக்குப் புரியும் மொழிகளில் கட்டாயமாக்கப் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

அல்சூர் ஏரிக்கு அருகில், ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டில் நாங்கள் வசிக்கிறோம். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மகனுக்கு வயது எட்டு, மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். மகளுக்கு நான்கு வயது. மனத்தில் உள்ளதைப் பிழையில்லாமல் சொல்ல எனக்குத் தமிழே கைவரும் என்பதால் இம்மனுவைத் தமிழில் எழுதி, கன்னட மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன். எங்கள் தெருவில் உள்ள பிற பெற்றோரும் இதைப் படித்துக் கையொப்பமிட்டுள்ளனர்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு அந்த விளையாட்டைக் கொடுத்தது நான்தான். அவனுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்த அவன் பெரியப்பா மகன் என் கைபேசியில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அதைத் திறந்தபோது பிறந்த ஆண்டு கேட்டது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, பையன் அவசரப்படுத்தினான், என் பிறந்த ஆண்டையே போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு பல மாதங்கள், மாலை ஆறு மணி முதல் நான் சமையலை முடிக்கும் வரை அவன் கைபேசியோடு ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். அந்த அமைதி எனக்கு வசதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தபோது, மகள் கால் இடறி விழுந்து முழங்காலில் ரத்தம் வழிய அழுதாள். ஓடிப்போய்ப் பார்த்தபோது மகன் அவள் தலைக்கு மேல் உடைந்த குடைக் கம்பியை நீட்டியபடி, “நீ நாக் ஆயிட்ட, இரு, ஃபினிஷ் பண்றேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வீட்டுப்பாடம் எழுதும்போது இருக்கும் அதே கவனம்தான் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் காத்திருந்தாள். அவளுக்கும் அந்த விளையாட்டின் விதி தெரிந்திருந்தது.

அன்றிரவு அவனிடம் நிதானமாகக் கேட்டேன். விமானத்திலிருந்து பலர் ஒரு தீவில் குதிப்பார்கள், கீழே கிடக்கும் ஆயுதங்களைப் பொறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் சுடுவார்கள், கடைசியில் மிஞ்சுபவரே வென்றவர் என்று விளக்கினான். சுடப்பட்டவர் உடனே சாகாமல் தரையில் தவழ்வாராம். அந்த நிலைக்குப் பெயர் நாக். தவழ்பவரை மீண்டும் சுட்டு முடிப்பது ஃபினிஷ். விழுந்தவரைத் தூக்கிவிடவே முடியாதா என்று கேட்டேன். முடியும், அதற்கு ரிவைவ் என்று பெயர், ஆனால் நம் அணிக்காரரை மட்டுமே தூக்கலாம், தங்கை எதிரணி என்றான். எட்டு வயதுப் பிள்ளை சொன்ன இந்த விளக்கம் பல நாட்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியை, பையன் வீட்டில் என்ன விளையாடுகிறான் என்று விசாரித்தார். “ஏதோ துப்பாக்கி கேம்” என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. மாதக்கணக்கில் என் பிள்ளை தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் புழங்கிய ஓர் உலகத்தின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட விளையாட்டை ஆடும் குழந்தைகள் எல்லோரும் வளர்ந்து குற்றவாளிகளாகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க உளவியல் கழகம் 2020-இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தியபோது, வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறிய அளவில் தொடர்பு காணப்படுகிறது என்றும், கொடிய வன்செயல்களுக்கு அவற்றைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லை என்றும் கூறியுள்ளது. இந்த நிதானத்தை நானும் மதிக்கிறேன். அதே வேளையில், அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பனையையும் நிஜத்தையும் எப்போதும் பிரித்தறிய இயலாது என்பதால் அவர்களைத் திரை வன்முறையிலிருந்து முற்றாகக் காக்க வேண்டும் என்றும், பிறரைக் கொல்வதையே மையமாகக் கொண்ட, சுடுபவரின் கண்வழியே ஆடும் விளையாட்டுகள் எந்தக் குழந்தைக்கும் ஏற்றவை அல்ல என்றும் சொல்கிறது. என் மகளுக்கு நான்கு வயதுதான் ஆகிறது. அவள் விளையாடவில்லை, அண்ணன் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவே. அதற்குள் விதி மனப்பாடமாகிவிட்டது.

குழந்தைகளும் கைபேசியும் என்று பேச்சு வந்தாலே நம் ஊரில் நேரக் கணக்கு ஒன்றே பேசப்படுகிறது என்பதையும் ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எத்தனை மணி நேரம் பார்க்கலாம், கண் கெடுமா, படிப்பு கெடுமா என்பவையே கேள்விகள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் 2022 முதல் நடைமுறையில் இடம்பெற்றிருக்கிறது. நம் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதலே இதற்கென ‘ஷட்’ என்ற தனிப் பிரிவு இயங்குகிறது. இந்த நகரத்தவள் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அடிமைத்தனம் என்பது ஒரு கேள்வி, ஏழு வயதில் எதைப் பார்க்கலாம் என்பது இன்னொரு கேள்வி. என் மகன் அடிமையாகவில்லை. கைபேசியை வாங்கினால் கொடுத்துவிடுவான். அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவன் பழகிய செயல் எது என்பதே என் கவலை.

அரசு இதுவரை எடுத்த நடவடிக்கைகளும் இந்த இரண்டாவது கேள்வியைத் தொடவில்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளான பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரிலும், ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடை செய்யப்பட்டது நாட்டின் பாதுகாப்பையும் தரவுப் பாதுகாப்பையும் முன்னிட்டே. குழந்தைகளை முன்னிட்டு அல்ல. பப்ஜியின் இந்தியப் பதிப்பாக வந்து இடையில் முடக்கப்பட்ட பிஜிஎம்ஐ விளையாட்டு 2023-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்பு வைக்கப்பட்டது. விளையாட்டுக்குள்ளேயே ஒரு வரம்பைப் பொருத்த முடியும் என்பதை அது நிரூபித்தது. ஆயினும் அதுவும் நேர வரம்புதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தின் மையம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடுப்பது. பல குடும்பங்களைக் காத்த சட்டம் அது, அதை வரவேற்கிறேன். ஆனால் பணமே வைக்காமல் என் வீட்டு மூலையில் நடந்ததை அது கேட்கவில்லை.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஓர் அறிவுரை வெளியிட்டது. குழந்தை ஆடும் விளையாட்டின் வயதுக் குறியீட்டைச் சரிபாருங்கள் என்பது அதில் ஒன்று. நல்ல அறிவுரை. ஆனால் எந்தக் குறியீட்டை? திரைப்படங்களுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தணிக்கை வாரியம் இருக்கிறது. எழுத்தறியாத என் மாமியாருக்கும் ‘ஏ’ படம் என்றால் என்னவென்று தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார். 2023-இல் திருத்தம் வந்து 7, 13, 16 என்று வயதுப் படிகளும் சேர்க்கப்பட்டன. ஓடிடி தளங்களுக்கும் 2021 விதிகளின்படி இத்தகைய வகைப்பாடு உண்டு. வீடியோ கேம்களுக்கு மட்டும் இந்திய வயது வகைப்பாடு எதுவும் இல்லை. செயலிக் கடையில் ஓர் எண் சிறு எழுத்தில் இருக்கிறது. அது விளையாட்டைத் தயாரித்தவர்கள் ஒரு கேள்வித்தாளுக்குக் கொடுக்கும் பதில்களைக் கொண்டு ஒரு பன்னாட்டு அமைப்பின் முறைப்படி வருவது. உறவுக்காரப் பையன் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டில் அந்தப் பக்கத்தைப் பெற்றோர் பார்ப்பதே இல்லை. பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று கேட்கும் விளையாட்டுகளிலும், சம்மதத்துக்கான ஓடிபி வந்து சேர்வது குழந்தையின் கையில் இருக்கும் அதே கைபேசிக்குத்தான், ஏனெனில் எங்களைப் போன்ற வீடுகளில் இருப்பது ஒரே கைபேசி.

எனவே ஆணையத்திடம் நான் முதன்மையாக வேண்டுவது இது: புதிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டுகளை வகைப்படுத்தும் பொறுப்புடைய அமைப்புக்கும், மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும், ஒவ்வொரு விளையாட்டும் திறக்கும்போதெல்லாம் முதல் திரையிலேயே அதற்குரிய வயதும், ‘ஆட்களைச் சுடும் காட்சிகள்’, ‘ரத்தம்’ போன்ற காரணமும், கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது உள்ளிட்ட மொழிகளில் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும் என்று பரிந்துரை செய்யுங்கள். பதிவிறக்கும்போது ஒருமுறை காட்டினால் போதாது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் தாய்க்கும் தெரிய வேண்டும். 2005-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டம், குழந்தைகளுக்கான பாதுகாப்புகளை ஆராய்ந்து அரசுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்கு வழங்கியிருப்பதால் இதை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அடுத்து, மாநில அரசின் கையில் இருப்பது ஒன்று. எங்கள் பகுதியில் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு பெரிய திரையில் விளையாடவிடும் கேம் சென்டர்கள் உள்ளன. பள்ளிச் சீருடையிலேயே சிறுவர்கள் உள்ளே போகிறார்கள். பெட்டியின் மேல் 18 என்று அச்சிட்ட விளையாட்டு ஓடுகிறது. வயதை யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் 12, 16, 18 வயதுக் குறியுள்ள விளையாட்டுகளை வயது குறைந்தவர்களுக்கு விற்பது 2012 முதல் சட்டப்படி குற்றம். அத்தனை தூரம் போகாவிட்டாலும், வயதுப் பலகை வைப்பதையும், வயது குறைந்தவர்களுக்கு அத்தகைய விளையாட்டைக் கொடுக்காமல் இருப்பதையும் இம்மையங்களின் உரிம நிபந்தனையாக்கப் பரிந்துரைக்கலாம். நடத்துபவர்களும் எங்களைப் போன்ற எளியவர்களே, சிறு வியாபாரிகள்; அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது என் நோக்கமல்ல.

பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளே ஸ்டோரில் வயது வரம்பு வைத்து ரகசிய எண்ணால் பூட்டும் வசதி இருக்கிறது என்பதை, இத்தனையும் நடந்த பிறகு பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஐந்து நிமிட வேலை. கல்வியாண்டு தொடங்கும்போது பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பெற்றோரை அழைத்து, உரையாற்றி அனுப்பிவிடாமல், அவரவர் கைபேசியிலேயே அதைச் செய்து காட்ட ஏற்பாடு வேண்டும். தவறு செய்துவிட்டோம் என்று கூசும் தாய்மாரை அங்கே யாரும் குற்றவாளிகளாக்கிப் பேசக் கூடாது. பேசினால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

விளையாட்டைப் பறித்த பின் குழந்தை என்ன செய்யும் என்பதற்கும் பதில் வேண்டும். 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்கிறது. எங்கள் சந்தில் இருபுறமும் பைக்குகள் நிற்கின்றன. நடுவில் தண்ணீர் வண்டி வந்து போகிறது. பூங்காவுக்குப் போனால் பந்து விளையாடக் கூடாது என்று பலகை. மாலையில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி மைதானங்களை ஆறரை மணி வரையாவது அப்பகுதிக் குழந்தைகளுக்குத் திறந்துவிடக் கல்வித் துறைக்குப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன். இப்போது என் மகன் அந்த விளையாட்டை ஆடுவதில்லை. நான் சமைக்கும் நேரத்தில் தங்கையோடு தாயம் ஆடுகிறான், சில நாள் சண்டையும் போடுகிறான். வீடு முன்பைவிடச் சத்தமாக இருக்கிறது. அவனுக்கு ஓட ஓர் இடம் கிடைத்தால் எனக்கு வேறு குறை இல்லை.

இம்மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொண்டால், நேரில் வந்து எங்கள் கைபேசிகளைக் காட்டி விளக்கத் தயாராக இருக்கிறோம். கையொப்பமிட்டவர்களில் பலர் தினக்கூலிக்குச் செல்பவர்கள் என்பதால், இயன்றால் விசாரணையை ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: பெங்களூரு
இணைப்பு: மனுவின் கன்னட மொழிபெயர்ப்பும் பெற்றோர் கையொப்பத் தாள்களும்.