காலைக் கழற்றி வாங்குவது பாதுகாப்பா?

ஆசிரியருக்கு,

வன்னியில் செயற்கைக்கால் செய்து பொருத்துகிற வேலை எனக்கு. கனடாவுக்கோ சுவிசுக்கோ பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிற தாய் தகப்பன்மார், பயணத்துக்கு முந்தின கிழமை எங்கள் பட்டறைக்கு வருவது வழக்கம். பட்டி தளர்ந்துவிட்டது, ஒரு பக்கம் உரசுது என்பார்கள். எழும்பும்போதுதான் வந்த காரணம் வெளியே வரும்: "தம்பி, எயார்போட்டில இது கத்துமோ?" கத்தும் என்றுதான் சொல்வேன். உள்ளே இருப்பது உலோகக் குழாயும் ஆணியும் நட்டும். கத்தாவிட்டால் அந்த மெசினில்தான் பிழை.

அண்மையில் ஓர் அம்மா வந்தார். 2009 இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இடது தொடையில் இன்னும் ஷெல் துண்டுகள் இருக்கின்றன. எடுக்கப்போனால் நரம்பு பாதிக்கும் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். இப்படி உடம்புக்குள் இரும்போடு நடமாடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவர், விமானம் மாறி ஏறிய ஒரு நாட்டில் நடந்ததைச் சொன்னார். சோதனை வாசல் கத்தியது. கைக்கருவியால் தடவினார்கள், கால் கத்தியது. கழற்றச் சொன்னார்கள். ஆக்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார். சப்பாத்தும் சொக்ஸும் போட்டபடியே அந்தக் கால் மற்றவர்களின் லப்டொப்புகளுக்கும் கைப்பைகளுக்கும் நடுவே ஸ்கானருக்குள் போனது. அதற்குப் பிறகு இடது தொடையிலும் கருவி கத்தியது. அலுவலர் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். ஷெல், குண்டு என்ற கதையை அந்த இடத்தில் எடுக்கப் பயந்து அம்மா வாய் திறக்கவில்லை. பேசாமல் இருந்ததாலேயே சந்தேகம் கூடி, நேரம் இழுபட்டிருக்கிறது.

கால் திரும்பி வந்தபோது அதைப் போட முடியவில்லை. மணிக்கணக்காக விமானத்தில் இருந்துவிட்டு செயற்கைக்காலைக் கழற்றினால், மிஞ்சியிருக்கிற கால் கொஞ்ச நேரத்திலேயே வீங்கிவிடும். பிறகு சொக்கற்றுக்குள், அதாவது மிஞ்சிய காலை நுழைக்கிற கிண்ணத்துக்குள், இறங்காது. இந்த வேலை தெரிந்த எவருக்கும் இது தெரியும். அவர் நெரித்து இறக்கிக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நடந்திருக்கிறார். என்னிடம் வந்தபோது எலும்பு முனையில் தோல் உரிந்து புண்ணாகிக் கிடந்தது. "மகளுக்குச் சொல்லேல்லை தம்பி, சொன்னா இனி வரவேண்டாம் எண்டுவாள்" என்றார்.

அவரைச் சோதித்திருக்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. நான் கால் செய்கிறவன். சொக்கற்றுக்குக் கீழே குழாய், குழாயைச் சுற்றி உறை, அதற்குள் இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கெட்ட எண்ணம் உள்ளவனுக்கும் தெரியும். பாவம் பார்த்து ஒருவரையும் சும்மா விடக்கூடாது. ஆனால் அந்தச் சோதனையால் என்ன தெரிந்தது? கத்துகிற கருவி உலோகம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். வெடிமருந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வெடிமருந்துக்கு வேறு சோதனை உண்டு. ஒரு சிறு துணித்துண்டால் காலையும் கையையும் துடைத்து மெசினில் வைத்தால், துகள் ஒட்டியிருக்கிறதா என்று சில விநாடிகளில் காட்டிவிடும். காலைக் கழற்றவே தேவையில்லை. (சிலவகை உரமும் கிளிசரின் சேர்ந்த கிரீமும் பட்ட கைக்கும் அந்த மெசின் கத்தக்கூடும். தோட்டம் செய்கிறவர்கள் பயணத்தன்று கையை நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள்.)

சோதனையே வீண் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்க விமானங்களைத் துவக்கு முனையில் கியூபாவுக்குத் திருப்புவது அடிக்கடி நடந்தது. 1973 ஜனவரியில் ஏறுகிற எல்லோரையும் சோதிக்கத் தொடங்கிய பிறகு கடத்தல்கள் வெகுவாகக் குறைந்தன. உலோகத்தைக் கண்டுபிடிக்கிற வாசல் அந்த வேலைக்குத்தான் வந்தது, அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் அதன் பிறகு வந்த ஆபத்துகளில் பல அந்த வாசலால் வரவில்லை. 1985 இல் எயார் இந்தியா விமானத்தில் 329 பேர் செத்தார்கள். 1988 இல் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பியில் விமானம் வெடித்து 270 பேர். இரண்டிலும் குண்டு இருந்தது, சொந்தக்காரன் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறிய பொதிக்குள். 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானங்களை அழித்தவர்கள் பயணிகளின் வரிசையில் வந்தவர்கள் அல்ல. 2016 இல் சோமாலியாவில் குண்டு வைத்த லப்டொப், சோதனை முடிந்த பிறகு உள்ளே வைத்துத்தான் பயணியின் கைக்குக் கொடுக்கப்பட்டது.

தப்பிய விமானங்கள் எப்படித் தப்பின என்பதையும் பார்க்க வேண்டும். 2001 டிசம்பரில் சப்பாத்துக்குள் குண்டோடு ஏறியவனை மடக்கியது விமானப் பணிப்பெண்களும் பயணிகளும். 2009 நத்தார் தினத்தில் உள்ளாடைக்குள் குண்டோடு ஏறியவனையும் அப்படித்தான். அவனுடைய தகப்பனே முந்தின மாதம் நைஜீரியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், என் மகனின் போக்குச் சரியில்லை என்று சொல்லியிருந்தார். சொன்னதை எடுத்து நடத்த ஆளில்லை. எங்களுடைய தண்ணீர்ப் போத்தலைப் பறிப்பதற்குக் காரணமான 2006 லண்டன் சதியைப் பிடித்தது எந்த ஸ்கானரும் இல்லை. பொலிஸ் பின்தொடர்ந்து, அவர்கள் விமான நிலையத்துக்கு வரமுன்னரே பிடித்தது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எச்சரிக்கை முன்கூட்டியே கையில் இருந்தது.

விமானி அறைக் கதவு பலமாகியிருப்பதும், ஆள் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியை இறக்குவதும், வந்த தகவலை ஒருவர் மதித்து நடவடிக்கை எடுப்பதும் எங்களைக் காப்பாற்றுகிறதில் பெரும்பங்கு. பயணிகளின் கண்ணுக்கு இவை தெரிவதில்லை. தெரிவது வரிசையும் ட்ரேயும். 2015 இல் அமெரிக்க அரசே தன் ஆட்களை இரகசியமாக அனுப்பிச் சோதித்தபோது, 70 தடவையில் 67 தடவை போலிக் குண்டும் ஆயுதமும் பிடிபடாமல் உள்ளே போனதாகச் செய்தி வந்தது. அந்த நாட்டு வாசல்களில் அவ்வளவு காலமும் சனம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டுதான் நின்றது. 2025 ஜூலையில் அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள்.

போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் கொட்டி அடுக்கின எங்களுக்குச் சோதிக்கிறவரின் களைப்பும் தெரியும். காலையிலிருந்து ஒரே வேலையைச் செய்கிறவர் பின்னேரம் பழக்கத்தில்தான் கையை ஓட்டுவார். ஒரு கிழவியின் காலோடு அரை மணித்தியாலம் மினக்கெடுகிற அலுவலர், அந்த அரை மணித்தியாலம் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு நடந்தது மரியாதைக்கேடு மட்டுமில்லை, பாதுகாப்புக்கும் அது கேடு.

வெளிநாட்டு வாசல்களுக்கு நாம் சட்டம் போட முடியாது. எங்களுடைய கட்டுநாயக்க, பலாலி விமான நிலையங்களில் செய்யலாம். கைபிடியுள்ள கதிரையோடு ஒரு மறைப்பு அறை, தமிழில் கதைக்கத் தெரிந்த பெண் அலுவலர், காலைக் கழற்றாமல் துடைத்துப் பார்க்கிற நடைமுறை. அதை மூன்று மொழியிலும் வாசலில் எழுதி ஒட்டவும் வேண்டும். சுகாதார அமைச்சு ஒரே மாதிரியான அட்டை ஒன்றை மும்மொழியிலும் கொடுக்கலாம்: எந்த இடத்தில் என்ன உலோகம் இருக்கிறது என்று, உடலின் படத்தோடு. சோதிக்காமல் விடுவதற்கான துண்டாக அது இருக்கக் கூடாது. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினால் போதும். அதுவரை, பயணம் போகிறவர்கள் வைத்தியசாலையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எக்ஸ்றேயின் பிரதியும் எடுத்து, பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மறைவான இடம் கேளுங்கள். கேட்பதில் பிழையில்லை.

செயற்கைக்காலுக்குள் என்ன இருக்கும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எது இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அலுவலர்களுக்குக் காட்டிக்கொடுக்க எங்கள் பட்டறையில் ஆள் உண்டு. பலாலிக்கு என்றால் காலையில் பஸ் ஏறி, ஒரு செயற்கைக்காலையும் கையோடு கொண்டு வருவோம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
செயற்கைக்கால் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
மாங்குளம்.