காணி, நீர்ச் சட்டமூலங்களுக்குக் கிழக்கின் பதிலைச் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுபோக (கோடைக்கால நெற்செய்கை) ஆரம்பக் கூட்டத்துக்கு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை விவசாயிகளோடு நானும் ஆண்டுதோறும் சென்று வருகிறேன். துருசு (குளத்து மதகு) எந்தத் திகதியில் திறக்கப்பட வேண்டும், எந்த வட்டையில் (வயல் வெளியில்) எத்தனை ஏக்கர் செய்கை பண்ணலாம், விதைப்புக்குக் கடைசி நாள் எது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்த வேண்டும் என்பவையெல்லாம் அங்கே, வயல்களுக்கான நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானைமார் முன்னிலையில், சில வேளைகளில் சத்தமாகவே, பேசித் தீர்க்கப்படுகின்றன. அதே நீரையும் காணியையும் ஆளப்போகும் ஒரு சட்டமூலம் கொழும்பில் வர்த்தமானியில் வெளியாகும்போதோ, கிழக்கின் நிலைப்பாடு இதுதான் என்று எழுதிக் கொடுக்க ஒரு சபை இல்லை.

மாகாண சபை நிரலில், அதாவது மாகாணங்களுக்குரிய அதிகாரங்களின் பட்டியலில், உள்ள விடயமொன்றைப் பற்றிய சட்டமூலம், நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுவதற்கு முன்னர் ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பப்பட்டு அதன் கருத்துப் பெறப்பட வேண்டும் என்றும், ஒரு சபையேனும் உடன்படாவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை என்றும் இலங்கை அரசியலமைப்பில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 154ஜி(3) உறுப்புரை கூறுகிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2012இல் வறுமை ஒழிப்பு தொடர்பான திவிநெகும சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் மாகாண சபைகளுக்கு அனுப்பச் சொன்னது இந்த ஏற்பாட்டின்படியே. ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்த பின்னர் தேர்தல் நடக்கவில்லை. உறுப்பினர் இல்லாத சபை உடன்படவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அரச காணி மத்திய அரசுக்கே உரியது என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதே, இனி என்ன பேச இருக்கிறது என்று சிலர் கேட்கின்றனர். அந்தத் தீர்ப்பு காணியைப் பற்றியது. ஒரே மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசன வேலைகளைத் திட்டமிடுவதும் பராமரிப்பதும் இன்றும் மாகாண நிரலிலேயே உள்ளன. ஊவாவில் ஊற்றெடுத்து இங்கினியாகலையில் தேங்கி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களுக்கு வந்து சேரும் பட்டிப்பளை ஆற்றைப் போன்று பல மாகாணங்களினூடாகப் பாயும் ஆறுகளின் திட்டங்கள் மத்திக்கு உரியவை என்பது உண்மைதான். ஆயினும் அத்தகைய ஆற்று நீரைக் கொண்டு தன் எல்லைக்குள் திட்டம் தொடங்க மாகாண சபைக்கும் இயலும் என்று அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையின் இரண்டாம் பின்னிணைப்பு சொல்கிறது. மாகாணங்களுக்கிடையிலான திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவதற்கான அளவுகோல்களை அரசாங்கம் வகுத்தாலும், அவற்றைப் பிரயோகித்து ஆட்களைத் தெரியும் வேலை மாகாண சபையினுடையது என்றும் அதே பின்னிணைப்பில் உள்ளது. இதை நான் சொல்லும்போது பலர் வியப்போடு பார்க்கின்றனர். சபை இயங்கிய காலத்திலேயே இவ்வரிகளை உரக்க வாசித்திருக்கலாம்.

மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் தரையை மீட்டுத் தரக் கோரி 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்ததையும் இந்தப் பின்னணியிலேயே பார்க்க வேண்டியுள்ளது. அந்தத் தரை மத்திய அரசின் மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குள் வருவது. அந்த அதிகாரசபையை அமைத்த சட்டம் 1979ஆம் ஆண்டினது, அதாவது மாகாண சபைகளுக்கு மூத்தது.

ஐக்கிய அமெரிக்காவில் மேற்கு மாநில ஆளுநர்கள் 1965இல் அமைத்த நீர்ப் பேரவை, கூட்டாட்சிச் சட்டமூலங்களை வாசித்து ஆதரவையோ எதிர்ப்பையோ தீர்மானமாக வெளியிடுகிறது. நமது நாடு கூட்டாட்சி அன்று. ஆனால் கருத்தை எழுத்தில் வைப்பதற்குக் கூட்டாட்சி தேவையில்லை.

மாகாண சபைத் தேர்தல் எப்போது வரும் என்று காத்திருக்காமல், காணி, நீர், கமநலம் தொடர்பான சட்டமூலம் வர்த்தமானியில் வந்ததும் அதன் தமிழ்ப் பிரதியை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட விவசாயக் குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, விவசாய அமைப்புகளின் கருத்தையும் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கருத்தையும் பதிந்து, ஆளுநர் ஊடாக நாடாளுமன்றத்துக்கு அனுப்புமாறு இரு மாவட்டச் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். சட்டமூலத்தை உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்க, அது ஒழுங்குப் பத்திரத்தில் வந்த நாளிலிருந்து 14 நாட்கள் மாத்திரமே உள்ளன. ஆகவே பிரதி பிந்திக் கிடைத்தால் பயனில்லை.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியரான ஒரு விவசாயி,
வெல்லாவெளி.