கம்பன் அடிப்பொடி சா. கணேசன் பொதுவாழ்வு ஆவணங்கள் நனைந்து அழிவதைத் தடுக்க, நூலகக் கூரையைச் சீர்செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்,
காரைக்குடி வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை மாவட்டம்.

பொருள்: நூலகக் கட்டடம் – மெட்ராஸ் ஒட்டு ஒழுகுதல் – முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் சா. கணேசன் அவர்கள் தொடர்பான அச்சு ஆவணங்கள் பாழாகி வருதல் – மழைக்கு முன் கூரைப்பணியும் ஆவணங்களை மின்படியாக்கும் பணியும் செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்களும், "பரிசீலனையில் உள்ளது" என்று வந்த பதில்களும்.

ஐயா,

வணக்கம். எங்கள் நூலகம் எது என்று தங்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. ஊருணியின் வடகரையில், இரட்டைத் திண்ணையும் முகப்பும் உள்ள பழைய நகரத்தார் வீடு. ஊருணி தூர்வாரும் பணியைப் பார்வையிட வந்தபோது தாங்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்தது அந்தத் திண்ணையில்தான். திண்ணையைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகும் வழியில் வலக்கைப் பக்கத்து அறையில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. நூலகத்துக்கு நாற்காலி போதாது, மின்விசிறி ஓடவில்லை, கழிப்பறைக் கதவு உடைந்திருக்கிறது. அவற்றையெல்லாம் இந்த மனுவில் நாங்கள் கேட்கவில்லை. அந்த ஒரு அலமாரிக்காக மட்டும் கேட்கிறோம்.

1. அலமாரியில் இருப்பவை, கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்களின் பொதுவாழ்வு தொடர்பான அச்சுத்தாள்கள். காரைக்குடியில் 1908 ஜூன் 6-இல் பிறந்தவர். 1982 ஜூலை 28-இல் மறைந்தவர். விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர். 1939-இல் காரைக்குடிக் கம்பன் கழகத்தைத் தொடங்கியவர். 1962 முதல் 1967 வரை காரைக்குடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 1968 முதல் 1974 வரை சட்ட மேலவை உறுப்பினர். இவ்வளவும் ஊரறிந்தது. இதற்கு மேல் ஒரு வரி எழுத வேண்டுமானாலும் கையில் தாள் வேண்டும். மேல்தட்டில் கம்பன் திருநாள் அழைப்பிதழ்களும் மலர்களும், அடுத்த தட்டில் 1962 தேர்தல் துண்டறிக்கைகளும் சுதந்திராக் கட்சியின் சிறு வெளியீடுகளும், அதற்குக் கீழே பேரவை, மேலவை நடவடிக்கைக் குறிப்புகளின் பைண்டு செய்த தொகுதிகளும், அடித்தட்டில் நாளிதழ்க் கட்டுகளும் உள்ளன. முழுப் பட்டியலை இம்மனுவுடன் இணைத்துள்ளோம்.

2. ஒழுகலின் காரணம். கூரை மெட்ராஸ் ஒட்டு. தேக்கு உத்திரத்தின் மேல் சட்டம், சட்டத்தின் மேல் நெட்டுக்குத்தாக அடுக்கிய சிறு செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டோடு. வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் கூரை இது. சுண்ணாம்பு அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும்; சிமெண்ட் கொடுக்காது. முன்பு பழுதுபார்த்த ஒப்பந்தக்காரர், தட்டோட்டுக்கு மேலேயே சிமெண்ட் கலவையைப் பரப்பிவிட்டுப் போனார். முதல் கோடையிலேயே கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் நீளவாக்கில் வெடிப்பு விட்டது. சிமெண்ட் போட்டதில் தளம் உயர்ந்து, மேற்குப் பக்கத் தூம்பின் வாய் பாதி அடைபட்டது. இப்போது மழைநீர் வெளியேறாமல் அந்த மூலையில் தேங்கி, வெடிப்பில் இறங்கி, உத்திரத்தோடு ஓடி, சரியாக அலமாரியின் தலைக்கு மேல் சொட்டுகிறது. அலமாரியை நகர்த்தலாமே என்றால், மற்ற மூன்று சுவர்களிலும் ஓதம் ஏறியிருக்கிறது. கட்டடத்தை ஒருமுறை வந்து பார்த்த பொறியாளருக்கு இது தெரியும். குறிப்பும் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குறிப்பு எங்கே போயிற்று?

3. எங்களை மிகவும் வருத்துவது மேல்தட்டுதான். அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம்.

கம்பன் கழகத்தின் கம்பன் திருநாள் பங்குனியில் மகம், பூரம், உத்திரம் ஆகிய நாட்களில் காரைக்குடியிலும், நிறைவாக அத்தத்தன்று கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையிலும் நடப்பது தாங்கள் அறிந்ததே. ஒவ்வோர் ஆண்டு அழைப்பிதழிலும் யார் தலைமை, யார் எந்தப் பொருளில் பேச்சு, எந்த நேரத்துக்கு என்று அச்சாகியிருக்கும். சா. கணேசன் அவர்களின் அரசியலைப் புரிந்துகொள்ள, தேர்தல் நோட்டீசை விட இந்த அழைப்பிதழ்கள் பெரிய சான்று என்பது எங்கள் உறுதியான கருத்து. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று அண்ணாவும், கூடாது என்று தமிழறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளையும் 1943-இல் மேடையில் வாதிட்ட காலம் அது. அந்த ஆண்டுகளில் கம்பனுக்கு விழா எடுப்பதே ஒரு நிலைப்பாடு. அப்படி எடுத்தவர் பின்னாளில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் நின்று சட்டமன்றம் போனார். அதே மனிதர் எண்ணி வடிவமைத்த தமிழ்த்தாய் கோயிலுக்கு 1975-இல் அடிக்கல் நாட்டியவர் தி.மு.க. முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி. கட்சி வேறு, கொள்கை வேறு. தமிழ் என்று வந்தபோது ஒரே மேடை. இது எப்படி நடந்தது, எந்த ஆண்டில் யார் யார் மேடைக்கு வரத் தொடங்கினார்கள் என்பதை ஆண்டு வரிசையாகக் காட்டுபவை அந்த அழைப்பிதழ்கள்தாம்.

அவற்றின் நிலை என்ன? மலர்களில் படப்பக்கங்கள் வழவழப்பான ஆர்ட் தாள். அந்தத் தாளின் மேற்பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் வேறு தாள் கொடுத்துப் பிரிக்காவிட்டால், காய்ந்த பின் மொத்தமும் ஒரே கட்டி. பிரித்தால் படம் எதிர்ப் பக்கத்தோடு உரிந்து வரும். மூன்று மலர்கள் ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டன. மஞ்சள் அழைப்பிதழ்களின் சாயம் இறங்கி, கீழே இருந்தவற்றிலும் ஏறிவிட்டது. அச்சு மை அழியவில்லை, உண்மை. ஆனால் ஓரத்தில் பேனா மையில் எழுதிய குறிப்புகள், அதாவது யார் வரவில்லை, அவருக்குப் பதில் யார் பேசினார் என்ற குறிப்புகள், நீலக் கறையாகிவிட்டன. அந்தத் தகவல் உலகத்தில் வேறு எங்கும் அச்சாகவில்லை, ஐயா.

ஈரம் நின்றதும் அடுத்தது பூச்சி. பழைய புத்தக பைண்டுகளில் மைதாப் பசை போட்டிருப்பார்கள். ஈரமான மைதாவுக்கு இராமபாணம் வரும், பின்னாலேயே கரையான் வரும். அடித்தட்டு நாளிதழ்க் கட்டில் வந்தாயிற்று.

4. "நடவடிக்கைக் குறிப்புகள் சென்னையில் உள்ளனவே" என்று ஒரு பதில் வந்தது. உள்ளன. நாங்கள் மறுக்கவில்லை. இங்கே பாழானாலும் பேரவைத் தொகுதிகளை அங்கே பார்க்கலாம். துண்டறிக்கைகளுக்கு என்ன வழி? 1962 தேர்தலில் 206 இடங்களில் காங்கிரசுக்கு 139, தி.மு.க.வுக்கு 50. ராஜாஜி 1959-இல் தொடங்கிய சுதந்திராக் கட்சிக்குக் கிடைத்தவை 6. அந்த ஆறில் ஒன்று காரைக்குடி. ஆளுங்கட்சிக்காரர் என்றால் அரசாணைகளிலும் திறப்பு விழாக் கல்வெட்டுகளிலும் பெயர் இருக்கும். பெரிய எதிர்க்கட்சி என்றால் கட்சிப் பத்திரிகை இருக்கும். ஆறு பேர் கொண்ட கட்சியில் ஒருவராக இருந்தவர், தம் தொகுதிக்கு என்ன சொல்லி வாக்குக் கேட்டார் என்பதற்கு உள்ளூர் அச்சகத்தில் அடித்த நட்சத்திரச் சின்னத் துண்டறிக்கைதான் சாட்சி. உரிமம், பர்மிட், கோட்டா என்று தொழிலைக் கட்டுப்படுத்திய தில்லியை எதிர்த்து அந்தக் கட்சி வைத்த வாதத்தை, பர்மாவிலும் மலேயாவிலும் தொழிலை இழந்து திரும்பிய குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில் எப்படிப் பேசினார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது. அன்றைக்கு இது ராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். ஆகவே நம் மாவட்ட அலுவலகப் பதிவறையில் தேடினாலும் 1962 கிடைக்காது.

5. கூரைக்கு நாங்கள் கேட்பது பெரிய செலவல்ல. சிமெண்ட் பரப்பை முழுவதும் கொத்தி எடுக்க வேண்டும். உளியால் மெதுவாக, இயந்திரம் வைத்தால் அடியிலுள்ள செங்கல் அடுக்கு ஆடிவிடும். தூம்பின் வாயைப் பழைய மட்டத்துக்குத் திறக்க வேண்டும். உத்திரத்தின் சுவர்முனைகளைக் குத்திப் பார்த்து, உளுத்திருந்தால் அந்த முனையை மட்டும் மாற்ற வேண்டும். பிறகு செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும், பொதுப்பணி அளவுப்படி ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு என்ற கணக்கில், மணல் சேர்க்காமல் கலந்து, தூம்பை நோக்கி வாட்டம் கொடுத்துப் போட்டு, மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். அடிக்கும்போது கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பது இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் எல்லாருக்கும் தெரிந்த முறை. கட்டை எகிறித் திரும்பும் அளவுக்கு இறுகிய பின்தான் தட்டோடு. ஓட்டின் இணைப்பிலும் சுண்ணாம்புக் கலவையே வேண்டும். கைப்பிடிச் சுவர் மூலையில் சதுரமாக விடாமல் வளைத்துப் பூச வேண்டும். இதையும் செய்யாததால்தான் இத்தனை கேடும். சுண்ணாம்பு இறுகக் காய்ந்த நாட்கள் வேண்டும். ஐப்பசியில் ஆள் அனுப்பிப் பயனில்லை. வைகாசி, ஆனிக்குள் தொடங்கினால்தான் உண்டு.

6. தாள்களுக்கு: நனைந்தவற்றை வெயிலில் போடக் கூடாது, நிழலில் காற்றோட்டத்தில் உறிஞ்சுதாள் மாற்றி மாற்றி உலர்த்த வேண்டும். ஒட்டிப்போன மலர்களை யாரும் பிரிக்க முயலாமல், தாள் பாதுகாப்புப் பயிற்சி உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். "லேமினேஷன் செய்துவிடுங்கள்" என்று அலுவலகத்தில் ஒருவர் எங்களிடம் சொன்னார். தயவுசெய்து அந்த உத்தரவு மட்டும் வந்துவிடக் கூடாது. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னால் எடுக்க முடியாது, தாளின் அமிலம் உள்ளேயே இருந்து தாளை அரிக்கும். மின்படி எடுக்கையில் முதுகை வெட்டாமல், எழுத்துக்கு 300, படத்துக்கு 600 டி.பி.ஐ. அளவில், பின்பக்கமும் ஓரக் குறிப்பும் விடாமல் எடுக்க வேண்டும். இதைச் செய்யத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. தங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் போனால் போதும்.

7. "அரிய ஆவணம் என்பதற்குச் சான்று இணைக்கவும்" என்று கடைசியாக வந்த பதிலில் கேட்டிருக்கிறார்கள். எதை இணைப்பது? ஆவணமே சான்றுதானே? பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராக நூல் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிக் காப்பாற்றியது; இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. கடல் கடந்து ஒருவர் வந்து மதிப்புச் சொன்னால்தான் செட்டிநாட்டுத் தாளுக்கு மதிப்பா? கம்பன் மணிமண்டபத்துக்கும் தமிழ்த்தாய் கோயிலுக்கும் மாணவர்கள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். கோயில் 1993-இல் திறக்கப்பட்டபோது அதை எண்ணியவர் உயிரோடு இல்லை. அவர் யார், எந்தக் கட்சி, சட்டமன்றத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டு எங்கள் நூலகத்துக்கு வருகிறார்கள். ஒட்டிப்போன காகிதக் கட்டியைக் காட்டி என்ன விளக்குவது? கோபத்தில் எழுதுகிறோம் என்று எண்ண வேண்டாம். கோபமும் இருக்கிறது. பொறியாளர் நூலகத் துறையைக் கேள் என்கிறார், நூலகத் துறை கட்டடம் எங்களுடையதல்ல என்கிறது, கட்டடத்துக்குரியவர்கள் தானமாகக் கொடுத்தாயிற்று என்கிறார்கள். மழைக்கு இந்தக் கோப்பெல்லாம் தெரியாது.

8. கூரைப்பணிக்கு நிர்வாக அனுமதி தாமதமாகும் என்றால், முதலில் இரண்டு காரியம் மட்டும் செய்து தாருங்கள். தூம்பைத் திறக்க ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள். அலமாரியைத் தற்காலிகமாக வைக்க ஈரமில்லாத ஓர் அரசுக் கட்டட அறை.

9. அதுவும் முடியாதென்றால் முடியாது என்றாவது எழுத்தில் தாருங்கள். "பரிசீலனையில்" என்று மட்டும் வேண்டாம்.

ஐயா, மாவட்டத்தில் தங்களுக்கு ஆயிரம் வேலை. குடிநீர், கண்மாய், பட்டா என்று வரிசையில் நிற்பவர்கள் எங்களுக்கு முன்னால் இருக்கிறார்கள் என்பதை அறிவோம். அந்த வரிசையை நாங்கள் முந்தக் கேட்கவில்லை. தூம்பைத் திறக்கும் ஒரு நாள் வேலையை உடனே செய்யவும், கூரைப்பணியை ஆனிக்குள் தொடங்கவும், ஆவணங்களை மின்படியாக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்குக் கடிதம் எழுதவும் தக்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வுக்கு யாரை அனுப்பினாலும், மழை பெய்த மறுநாள் காலையில் அனுப்புங்கள். வெயில் நாளில் வந்து பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. அலமாரிச் சாவி நூலகரிடம் உள்ளது. விடுமுறை நாளானாலும் திறந்து காட்ட ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்

இடம்: காரைக்குடி வட்டம்